ரோதைமுனிக்கு இஞ்சி பியர்

கொழும்பு,
18.11.1961

வடிவு,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம்.

சர்வகலாசாலையில் முதல் வருடம் முடியப்போகிறது. அதற்குப் பிறகு ஒரே பாடத்தை எடுத்து விசேட பட்டத்துக்குப் படிக்கலாம். எனக்கு இரசாயனமும் கிடைக்கும், தாவரவியலும் கிடைக்கும். தை முடிவதற்குள் ஏதாவது ஒன்றுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். தாவரவியல் என்றால் இலை, வேர், பூ. நம்முடைய சனம் நூறு வருடமாக இலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்கவா உடப்புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி, நானுஓயாவில் ரயில் ஏறி இவ்வளவு தூரம் வந்தேன்? இரசாயனம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

படித்து என்ன வேலைக்குப் போவாய் என்று மாமா கேட்பார். அரசாங்க வேலைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். இந்த மலையிலேயே பிறந்தும் எனக்கும் உனக்கும் அது இல்லை. கம்பெனி வேலைதான் கதி. நான் மனதில் வைத்திருப்பது நுவரெலியா பியர் பேக்டரி.

அப்பா உயிரோடு இருந்தபோது நானுஓயா ஸ்டேஷனில் பார்லி மூட்டைகளை லொறியில் ஏற்றி அங்கே கொண்டுபோவார், நினைவிருக்கிறதா? பள்ளிக்கூட லீவில் ஒருதரம் நானும் மூட்டைமேல் உட்கார்ந்து போனேன். உள்ளே ஒரு பெரிய தொட்டி. அதில் நுரை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. கீழே நெருப்பு இல்லை, யாரும் கிண்டவும் இல்லை, தானாகப் பொங்கியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பியர் வடிக்கத் தெரிந்தவர்களை அவர்கள் இன்னும் சீமையிலிருந்துதான் வரவழைக்கிறார்கள். நம்மவன் ஒருவன் படித்துவிட்டு வாசலில் போய் நின்றால் என்ன?

மாமாவிடம் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சித்திரையில் பரிசம் போடுவதற்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருப்பது நல்லது. அவருடைய அக்காள் மகன்தானே, கோபித்துக்கொள்ள மாட்டார்.

நீ என்ன நினைக்கிறாய்?

கணேசமூர்த்தி


பச்சைக்காட்டுத் தோட்டம்,
உடப்புசல்லாவை,
27.11.1961

மச்சானுக்கு,

என்ன நினைக்கிறேன் என்று கேட்டீர்கள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

நான் வேலை செய்வது தோட்டத்து டிஸ்பென்சரியில் என்பதைக் கொழும்புக்குப் போனதும் மறந்துவிட்டீர்களா? மாதம் முழுக்க எங்களுக்குச் சளியும் இருமலும்தான். சம்பள நாளன்று மட்டும் பொழுது சாயும்போதே டொக்டர் ஐயா ஊசியையும் நூலையும் வெந்நீரில் போடச் சொல்லிவிடுவார். யார் வருவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். இந்த மாதம் வீரம்மா வந்தாள். அவள் புருசன் மூக்கன் குடித்துவிட்டு விறகுக்கட்டையால் மண்டையில் போட்டிருக்கிறான். ஐயா தைத்தார், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. "நாளைக்குப் பெரட்டுக்குப் போகலாமா தாயி?" என்றுதான் கேட்டாள். வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் நிற்காவிட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடுமே, அந்தக் கவலை அவளுக்கு.

இதற்குள்தான் உங்கள் கடிதம் வருகிறது, தொட்டி மூச்சு விட்டதாம், பைத்தியம் பிடித்ததாம். வீரம்மாவிடம் போய்ச் சொல்லவா, "எம் மச்சான் பெரிய படிப்பு படிச்சிட்டு ஒம் புருசனுக்குக் காய்ச்சி ஊத்தப் போறாரு"ன்னு?

எங்கள் அப்பாவைப் பற்றியும் உங்களுக்குத் தெரியும். யாரையும் அடிக்க மாட்டார். சம்பள நாளன்று தேயிலை அரைக்கும் ஸ்டோரில், மெஷின்களுக்குக் காவல் நிற்கும் ரோதைமுனிக்குப் பூசை வைப்பார், முனிக்கு வைத்த சாராயத்தைக் கூட்டாளிகளோடு பங்கு போடுவார், பாட்டுப் பாடிக்கொண்டே வந்து சாக்கடைக் கானில் விழுவார். தேயிலை ஸ்டோருக்கே பூசாரி, கானில் கிடப்பார். நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி வருவோம். அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம்! சொன்னால் சந்தோஷம்தான் படுவார். மருமகனே பியர் பேக்டரியில் என்றால் கேட்கவா வேண்டும்?

அதனால் அப்பாவிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். கட்டுக் கட்டுகிற கையைக் காய்ச்சுகிற கையில் பிடித்துக் கொடுக்க எனக்கு மனம் இல்லை. பரிசத்தை இப்போது பேச வேண்டாம்.

அத்தை சுகம். குளிர் தொடங்கிவிட்டது. கம்பளி அனுப்பத் தேவையில்லை.

சண்முகவடிவு


கொழும்பு,
5.12.1961

வடிவு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை சாப்பிட்டேன், பொய் சொல்லக் கூடாது.

வீரம்மாவின் மண்டையை உடைத்தது கசிப்பு. ஓடைக்கரையில் பழைய தகரத்தில், என்னென்னவோ போட்டுக் காய்ச்சுவது. பியர் வேறு. சுத்தமாக, அளவாக, வெப்பம் பார்த்துச் செய்வது. கெட்டதைக் குடித்து ஒருவன் கெட்டால், நல்லதைச் செய்யத் தெரிந்தவன்மேல் கோபப்படுவது என்ன நியாயம்?

இதை எழுதும்போதே உன் பதில் காதில் கேட்கிறது: "நல்ல விறகால அடிச்சா மண்ட ஒடையாதா மச்சான்?" சரி. உடையும்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த வித்தையை நீ கண்ணால் பார்த்ததே இல்லை. நத்தார் பண்டிகை லீவுக்கு வருகிறேன். இஞ்சி பியர் போட்டுக் காட்டுகிறேன். பெயரில்தான் பியர், பிள்ளைகளும் குடிக்கலாம். இங்கே விடுதியில் இரண்டு தடவை போட்டேன், எல்லோரும் அண்ணாந்து குடித்தார்கள். பாண் பேக்கரியில் கேட்டு ஈஸ்ட் கொண்டுவருகிறேன். இஞ்சியும் சீனியும் பழைய போத்தலும் நீ எடுத்து வை. பொங்கலுக்கு நம் லயத்தில் எல்லா வீடும் குடிக்கட்டும். அதைப் பார்த்த பிறகும் வேண்டாம் என்றால் அப்போது பேசிக்கொள்வோம்.

கம்பளி வாங்கிவிட்டேன். வேண்டாம் என்றால் அம்மாவிடம் கொடுத்துவிடு.

கணேசமூர்த்தி


பச்சைக்காட்டுத் தோட்டம்,
16.1.1962

மச்சானுக்கு,

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்கள். நீங்கள் பிடித்தது குரங்கும் இல்லை, முனி.

நீங்கள் இஞ்சி பியரைப் போத்தலில் அடைத்து, தக்கையைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, "வேல முடிஞ்சிருச்சு வடிவு, பாரு, ஒரு குமிழி வரல" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறினீர்கள். போத்தல்கள் வீட்டுக் காம்பராவிலேயே இருந்தால் பொங்கல் வரை மிஞ்சாது, பிள்ளைகள் தூக்கிவிடுவார்கள் என்று அப்பா அவற்றைக் கூடையில் வைத்து ஸ்டோருக்குக் கொண்டுபோனார். அவர் வேலை செய்வது தேயிலை காயும் பெரிய அடுப்புப் பக்கம். அங்கேதான் ரோதைமுனிக்கு மாடம். மாடத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். முனி காவல் இருக்கும் இடத்தில் எவன் கை வைப்பான் என்பது அவர் நினைப்பு.

பொங்கலுக்கு முதல் நாள் சம்பளம். சாயங்காலம் வழக்கம்போலப் பூசை. முனிக்கு முன்னால் சாராயப் போத்தல், சுருட்டு, பொரி, தேங்காய். கூட்டாளிகள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு போத்தலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா சூடத்தைக் கொளுத்தினார்.

டமார்!

மாடத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று. எல்லோரும் திரும்புவதற்குள் இன்னொன்று. பிறகு தீபாவளிதான். ஒரு கண்ணாடித் துண்டு பறந்து வந்து முனிக்கு வைத்த சாராயப் போத்தலில் பட்டு, அது உடைந்து சாராயம் முழுக்க மண்ணில் போய்விட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அதுவே முனி செய்த அதிசயம் என்று பேசிக்கொள்கிறார்கள். மூக்கன் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

அப்பா மட்டும் ஓடவில்லையாம். கண்ணை மூடி அப்படியே நின்றாராம். பிறகு உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, "முனிக்கு இனிமே சாராயம் வேணாமாம்டா! வச்சவனும் தொடக்கூடாதாம், பூசாரியும் தொடக்கூடாதாம்!" என்று சத்தம் போட்டிருக்கிறார்.

அன்றைக்கு அவர் பாடவில்லை, கானிலும் விழவில்லை. தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்து சோறு கேட்டார். அம்மா பயந்தே போனாள்.

எனக்கு உண்மை தெரியும். விஷயம் கேள்விப்பட்டதும் ஓடிப்போய்க் கண்ணாடித் துண்டுகளை நான்தான் கூட்டி அள்ளினேன். சுவரெல்லாம் இஞ்சி வாசம். இப்போது சொல்லுங்கள், வேலை முடிந்துவிட்டது என்றீர்களே, ஏன் வெடித்தது? படித்தவர்தானே.

சண்முகவடிவு


கொழும்பு,
22.1.1962

வடிவு,

யாருக்கும் அடிபடவில்லை என்ற வரியை நாலைந்து தடவை படித்துவிட்டுத்தான் மற்றதைப் படித்தேன். ஒரு துண்டு மாமாவின் கண்ணில் பட்டிருந்தால்? நான் செய்தது பெரிய பிழை.

ஏன் வெடித்தது என்று கேட்டாய். கொழும்பில் குமிழி நின்றால் சீனி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதே கணக்கை நம் மலைக்கும் போட்டேன். சீனி இவ்வளவு, அதிலிருந்து வரும் வாயு இவ்வளவு என்று இரசாயனக் கணக்கு எழுதி வைத்தேன். கணக்கில் பிழை இல்லை. ஆனால் சீனியைத் தின்று அந்த வாயுவை விடுகிற ஈஸ்ட் உயிருள்ளது என்பதை மறந்துவிட்டேன். மார்கழிக் குளிரில் அதற்கு வேலை முடியவில்லை, போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டது. தூங்குகிறதைப் பார்த்து முடிந்தது என்று நான் மூடியைக் கட்டினேன். மாமா அதை அடுப்புப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். எழுந்துவிட்டது.

சின்ன வயதில் அந்தத் தொட்டி மூச்சு விடுவதைக் கண்ணால் கண்டவன் நான். படிக்கப் படிக்க அதையே மறந்திருக்கிறேன். இதை எங்கள் தாவரவியல் விரிவுரையாளரிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "ஈஸ்ட் பூஞ்சணம் தம்பி. அதை நாங்கள்தான் படிப்பிக்கிறோம். இலையும் பூவும் மட்டும் என்று யார் சொன்னது?" என்றார். லீவில் பியர் பேக்டரி வாசலில் நான் போய்ப் பார்த்த, பியர் வடிக்கும் வெள்ளைக்கார மாஸ்டரும், "கணக்குப் போட ஆள் கிடைக்கும், ஈஸ்டின் குணம் தெரிந்தவன்தான் கிடைக்க மாட்டான்" என்று சொல்லியிருந்தார். அப்போது எனக்கு அது ஏறவில்லை.

நேற்றுத் தாவரவியலுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இரசாயனம் துணைப்பாடம்.

இனி ஒரு காரியம் பாக்கி. மாமாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். முனி இல்லை, ஈஸ்ட் என்று. இன்றைக்கே அவருக்கு எழுதப்போகிறேன்.

கணேசமூர்த்தி


பச்சைக்காட்டுத் தோட்டம்,
29.1.1962

மச்சான்,

எழுதாதீர்கள்! எழுதியிருந்தால் தபால்காரனை வழியில் மறித்துக் கிழித்துப் போடுவேன்.

அப்பா குடிக்கவில்லை. பொங்கல் அன்றைக்கு மாட்டுக்கொட்டில் பக்கம் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவின் புருசன் கூப்பிட்டுச் சாராயம் கொடுத்தான். "முனி வாக்குடா" என்றார், அவ்வளவுதான். அவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நானும் அம்மாவும் அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து முடியாத காரியம். உங்கள் ஈஸ்ட் ஒரே நாளில் முடித்துவிட்டது. இப்போது போய், "அது முனி இல்லை மாமா, பூஞ்சணம்" என்று எழுதினால் என்ன நடக்கும்? அடுத்த சம்பள நாளில் கானில் கிடப்பார். நானும் அம்மாவும் தூக்கி வருவோம். நீங்கள் கொழும்பில் உண்மை பேசிய திருப்தியில் தூங்குவீர்கள்.

எனக்கு மட்டும் பொய் பிடிக்குமா? அவர் முனி முன்னால் நின்று விபூதி பூசும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். என்னைப் பெற்றவரை ஏமாற்றுகிறேனே என்று இருக்கிறது. இருந்தாலும் எழுதாதீர்கள்.

பாடத்தை மாற்றியது நல்லது. உங்கள் பிழையை நீங்களே சொன்னது அதைவிட நல்லது. அதனால் ஒரு வழி சொல்கிறேன். நீங்கள் பியர் பேக்டரிக்கே போங்கள், தடுக்கவில்லை. ஆனால் போகிறவர், மாதாமாதம் சம்பள நாள் சாயங்காலம் எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்து, தையல் முடியும் வரை எனக்குப் பக்கத்தில் நின்று ஊசி நூல் தட்டைப் பிடிக்க வேண்டும். நல்ல பியரோ கெட்ட கசிப்போ, குடி ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே அந்த வேலையைச் செய்யுங்கள். கல்யாணத்துக்குப் பிறகும்தான். முடியுமா?

சண்முகவடிவு


கொழும்பு,
24.4.1962

வடிவு,

சித்திரை லீவு முடிந்து நேற்று வந்து சேர்ந்தேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சம்பள நாள். வீராப்பாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புருசனிடம் அடி வாங்கி வந்த அந்தப் பொண்ணு மீனம்மாவுக்கு இருபது வயதுகூட இருக்காது. புருவத்துக்கு மேலே ஐயா முதல் தையல் போட்டதும் எனக்குக் கண் இருட்டியது. பிறகு விழித்தபோது தரையில் கிடந்தேன், நீ என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாய். நெற்றியில் ரத்தத்தோடு மீனம்மா எனக்கு விசிறிக்கொண்டிருந்தாள்! அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. அடுத்த மாதமும் வருவேன். ரயில் காசு போனால் போகட்டும். விழாமல் நிற்கிற வரைக்கும் வருவேன், நின்ற பிறகும் வருவேன். அந்த வேலைக்குத்தான் போவேன், இதையும் பார்ப்பேன். நீ சொன்னது சரி.

இரண்டாவது, மாமா. உன்னிடம் கேட்காமல், அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தேன். அவரிடம் பெண் கேட்கப்போகிறவன் பொய்யோடு வாசல் ஏறக் கூடாது என்று நினைத்தேன். வருசப்பிறப்பு அன்று ஸ்டோருக்குப் போனேன். கூட்டாளிகள் நாலு பேர் அவரைச் சுற்றி நின்று ஒரு கிளாசை நீட்டினார்கள். "நல்ல நாளும் அதுவுமா ஒரு வாய், பூசாரி!" அவர் மாடத்தைக் கையால் காட்டினார். நாலு பேரும் கிளாசைக் கீழே இறக்கினார்கள். சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.

நான் கோழையா, புத்திசாலியா தெரியவில்லை. நீயே சொல்.

கணேசமூர்த்தி


பச்சைக்காட்டுத் தோட்டம்,
3.5.1962

என் மச்சானுக்கு,

ரத்தத்தைப் பார்த்து மயங்குகிற ஆள் பேக்டரி நடத்தப்போகிறாராம் என்று லயம் முழுக்கச் சிரிப்பு. மீனம்மா தினமும் உங்களைக் கேட்கிறாள். புருசன் வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் தாய் வீட்டில் இருக்கிறாள். நல்லதுதான்.

இனி நான் சொல்வதை உட்கார்ந்து கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். "பரிசத்த ஏம்மா தள்ளிக்கிட்டே போற? பயல் மேல என்ன கோவம்?" என்று கேட்டார். கோபம் இல்லை என்றேன். "பின்ன என்ன?" என்று முகத்தையே பார்த்தார். எழுதாதே, பேசாதே என்று உங்களை மிரட்டியவள் நான். என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இஞ்சி, ஈஸ்ட், குளிர், அடுப்பு, எல்லாம். முனி இல்லை அப்பா, மச்சான் கட்டின போத்தல் என்றேன். இன்றோடு போச்சு, அடுத்த சம்பளத்துக்குக் கான்தான் என்று நினைத்தேன்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"அட கழுத, அடுப்புக்கிட்டயே காலம் பூரா நிக்கிறவன் நான். போத்தலக் கொண்டுபோயி வச்சவனும் நான். செவுரெல்லாம் இஞ்சி வழியுது. முனி என்ன இஞ்சியா திங்கிறாரு?"

"அப்புறம் ஏம்ப்பா சாமியாடுனீங்க?" என்றேன்.

தீட்டுகல்லைத் துடைத்து ஓரமாக வைத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "விட்டுறணும்னு ரொம்ப நாளா நெனப்பு வடிவு. நீயும் ஒங்காத்தாளும் என்னையத் தூக்கிக்கிட்டு வர்றது எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? ஆனா, நான் வேணாம்னு சொன்னா எவன் விடுவான்? 'என்ன பூசாரி, பெரிய மனுசனாயிட்டியா'ன்னு வாயத் தொறந்து ஊத்துவானுங்க. முனி வேணாம்னுட்டாருன்னா எவன் ஊத்துவான்? வெடிச்சதும் பாத்தேன். இத விட்டா எனக்கு வேற நேரம் வராதுன்னு தோணுச்சு. புடிச்சுக்கிட்டேன்."

நான் அவர் மடியில் தலையை வைத்து அழுதேன், மச்சான். இத்தனை நாள் நான் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவரும் இதையே மனதில் வைத்துக்கொண்டு எங்களிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார்.

பிறகு அவரே கண்ணைத் துடைத்துவிட்டு, "பயல் செய்யிற வேலையால ஒரு குடி நின்னுருக்கு. போறான், படிக்கட்டும். இத வெளிய சொல்லாதீங்க, ரெண்டு பேரும்" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் வாக்கையும் சேர்த்தே.

குடிமேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் ஒரு பொட்டும் குறையவில்லை. அடுத்த சம்பள நாள் தட்டு உங்களுக்காகக் காத்திருக்கும். இந்த முறை சுவரில் சாய்ந்துகொண்டு நில்லுங்கள்.

பரிசம் ஆவணியில். அத்தை நாள் பார்த்துவிட்டார்கள். அந்த வாரம் ஸ்டோரில் முனிக்குப் பெரிய பூசை. சாராயம் இல்லாமல் வெறும் சுருட்டை மட்டும் வைத்தால் முனிக்குக் குறை என்று கூட்டாளிகள் முணுமுணுக்கிறார்களாம். என்ன வைக்கலாம் என்று பூசாரியைக் கேட்டிருக்கிறார்கள். பூசாரி கண்ணை மூடி, முனியிடம் கேட்டு, இஞ்சி பியர் என்று சொல்லிவிட்டார்.

அதனால் பேக்கரியில் கேட்டு ஈஸ்ட் வாங்கிக்கொண்டு, நாலு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். இஞ்சி நான் இடிக்கிறேன். நீங்கள் கொண்டுவந்த கம்பளியைச் சட்டியின்மேல் போர்த்திவிடலாம். அது வேலை முடித்துவிட்டதா, தூங்குகிறதா என்று இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அதுவரை மூடியைக் கட்ட வேண்டாம்.

உங்கள்
வடிவு